அலைமேல் ஒரு படுக்கை

கே: தங்கல் தொழிலுக்குப் போகும் விசைப்படகு எங்களுடையது. போனால் பத்து, பன்னிரண்டு நாள். ஆட்கள் வலைக்குவியல் மேலேயே படுத்துக்கொள்கிறார்கள். மெத்தை தேவையா, ஆடம்பரமா?
– படகு உரிமையாளர், நாகப்பட்டினம்

ப: தேவை. டீசலுக்கும் ஐஸுக்கும் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே மெத்தைக்கும் ஒரு வரி எழுதுங்கள். வின்ச் சுற்றும்போது கம்பிவடத்தின் அருகே நிற்பவர் முந்தைய இரவு தூங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் போவது அவருடைய விரல். நள்ளிரவில் ஸ்டியரிங் பிடிப்பவருக்குக் கண் செருகினால் போவது படகு.

வலை படுக்கை ஆகாது. முடிச்சும் ஈயக்குண்டும் விலாவில் குத்தும். செதிலும் சேறும் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு, பத்தாம் நாள் உடம்பெல்லாம் அரிப்பு. வலை எந்த நேரமும் கடலுக்குள் ஓடக்கூடியது. அதன்மேல் கால் நீட்டித் தூங்க யாரையும் விடாதீர்கள்.

ஃபோம் கடையில் 40 டென்சிட்டி என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை இருக்கிறது என்பதே கணக்கு. 18, 20 என்று மலிவாகக் கிடைப்பது ஒரு சீசனுக்குள் நசுங்கி, பலகை முதுகில் தட்டும். 4 அங்குலக் கனம், இரண்டரை அடி அகலம், ஆறரை அடி நீளம் போதும். பத்துப் பேருக்குப் பத்து மெத்தை வேண்டாம். எப்போதும் சிலர் வேலையில் இருப்பார்கள். மெத்தை பொதுவாக இருக்கட்டும், விரிப்பும் தலையணை உறையும் ஆளுக்கு ஒன்று.

கே: இரண்டரை அடிதானா? கொஞ்சம் தாராளமாக, நாலடி அகலத்தில் போட்டால் என்ன?
– அதே படகின் ஓட்டுநர்

ப: கரையில் கட்டிக் கிடக்கும் படகென்றால் போடலாம். ஓடுகிற படகில் அகலமான மெத்தை உருள்வதற்கு இடம் கொடுக்கும். படகு இடப்பக்கம் சாயும்போது உடம்பு இடப்பக்கம் சரியும். தூக்கத்திலும் தசைகள் பிடித்துக்கொண்டே இருக்கும். விடிந்தால் இரவெல்லாம் மூட்டை தூக்கிய வலி. ஒடுக்கமான படுக்கையில் இரண்டு பக்கமும் அணை இருந்தால் உடம்பு தன்னை விட்டுக்கொடுத்துத் தூங்கும். அதனால்தான் நெடுந்தூரப் பாய்மரப் படகுகளில் படுக்கையை ஒடுக்கமாகச் செய்து, திறந்த பக்கத்தில் கெட்டித் துணியால் ஒரு தடுப்பும் கட்டுகிறார்கள். மெத்தைக்கு அடியிலிருந்து கிளம்பி, மேலே இரண்டு மூலையிலும் கயிற்றால் இழுத்துக் கட்டுகிற துணி அது. தார்ப்பாய் தைக்கிறவர் எவரும் அரை நாளில் தைத்துத் தருவார். முடிச்சு மட்டும் படுத்தவர் கையாலேயே ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்.

கே: உறையை ரெக்ஸினில் தைத்துவிட்டால் தண்ணீர் ஏறாது அல்லவா?
– கடலூர்

ப: தையல் துளை வழியாக ஏறும். ஏறிய தண்ணீர் இறங்குவதற்குத்தான் வழி இருக்காது. வெளியே துடைத்துப் பார்த்தால் காய்ந்திருக்கும். உள்ளே ஃபோம் புளித்துக் கிடக்கும். மேல்பக்கம் கெட்டிப் பருத்தித் துணி, அடிப்பக்கம் காற்றோடும் வலைத்துணி, பிளாஸ்டிக் ஜிப். உலோக ஜிப் உப்புக் காற்றில் பூத்து இறுகிவிடும். ரெக்ஸினை விட மனமில்லையென்றால் பகலில் மேலே போர்த்திவிட்டு இரவில் உருவிவிடும் தனி விரிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: கடல்தண்ணீர் அடித்து மெத்தை நனைந்தது. மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போட்டோம். பகலில் மொறுமொறுவென்று இருக்கிறது, ராத்திரி ஆனால் மறுபடி ஈரம். என்ன மாயம்?
– இராமேசுவரம்

ப: உப்பின் வேலை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. உங்கள் மெத்தை 5 லிட்டர் குடித்திருந்தால், வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு 175 கிராம் உப்பை உள்ளேயே விட்டுப்போயிருக்கிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்னாலேயே இழுக்கும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்பது இதனால்தான். கடற்கரையில் இரவு ஈரப்பதம் 75ஐத் தாண்டுவது சாதாரணம். ஆக, முப்பது நாள் வெயிலில் போட்டாலும் அந்த மெத்தை காயாது.

செய்ய வேண்டியது இது. கரைக்கு வந்ததும் உறையைக் கழற்றுங்கள். ஃபோமை நல்ல தண்ணீரில் முக்கி, மிதித்துப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்காத வரைக்கும் திரும்பத் திரும்ப. பிறகு படுக்கப்போடாமல் ஓரமாக நிமிர்த்தி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் காயவிடுங்கள். நேர் வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் ஃபோம் மஞ்சளாகிப் பொடியும்.

கடலில் இருக்கும்போது நல்ல தண்ணீர் குடிக்கத்தான். அங்கே மெத்தையைக் காப்பாற்ற ஒரே வழி, நனைந்த உடுப்போடு யாரும் படுக்காமல் இருப்பது. கைலி மாற்றிவிட்டுப் படு என்று சொல்ல ஓட்டுநருக்கு உரிமை உண்டு.

கே: ஸ்பிரிங் மெத்தை?
– புதுச்சேரி

ப: வேண்டாம். உப்புக் காற்று கம்பியைத் தின்னும், தின்ற கம்பி துணியைக் கிழிக்கும். திசைகாட்டி அருகில் இருந்தால் அவ்வளவு இரும்பு ஊசியையும் இழுக்கும்.

கே: தண்ணீர் மெத்தை உடம்பு வலிக்கு நல்லது என்கிறார்கள். படகில்?
– திருச்செந்தூர்

ப: 20 செ.மீ. ஆழமுள்ள தண்ணீர் மெத்தை சதுர மீட்டருக்கு 200 கிலோ. படகு சாயும் பக்கமெல்லாம் அந்த எடையும் ஓடும். சாய்ந்த படகை இன்னும் சாய்க்கும். தண்ணீர் படகுக்கு வெளியிலேயே இருக்கட்டும்.

கே: காற்றடிக்கும் மெத்தை எடுத்துப்போகலாமா? ஆபத்தில் மிதவையாகவும் ஆகுமே.
– பழவேற்காடு

ப: தூண்டில் முள்ளும் மீன் முள்ளும் கிடக்கிற தளத்தில் அது ஓர் இரவு தாங்காது. மிதவை என்று நம்பவே நம்பாதீர்கள். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும், உங்களை விட்டுவிட்டு. உயிர்காப்பு அங்கிக்கு மாற்று இல்லை.

கே: இலவம்பஞ்சு மெத்தை தலைமுறை தலைமுறையாக எங்கள் தொழில். படகுக்கு அது ஆகுமா?
– போடிநாயக்கனூர்

ப: உங்கள் பஞ்சுக்குக் கடலில் பெரிய பெயர் உண்டு. இலவம்பஞ்சின் இழை உள்ளே வெற்றுக்குழல், மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு. தண்ணீர் எளிதில் ஒட்டாது, நன்றாக மிதக்கும். செயற்கை நுரை வருவதற்கு முன், 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், உலகெங்கும் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளில் இருந்தது இந்தப் பஞ்சுதான். எண்ணெய் பட்டால் மட்டும் மிதக்கும் குணம் போய்விடும்.

மெத்தையாக? உடம்புச் சூட்டை வாங்கி வைக்காது, வெக்கையான கடலுக்கு அது பெரிய வரம். ஆனால் நாளடைவில் கட்டி தட்டும், அடித்து உதறித் தைக்க ஆள் வேண்டும், தீ பட்டால் சட்டென்று பிடிக்கும். எஞ்சின் அறையிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி, 2 அங்குல ஃபோமின் மேல் 2 அங்குல இலவம்பஞ்சு மெத்தை விரித்தால் அருமையான படுக்கை. குறுக்குத் தையலை நெருக்கிப் போட்டுத் தைத்துக் கொடுங்கள். பஞ்சு ஒரு மூலைக்கு ஓடாது.

கே: சமையலும் படுக்கையும் எங்கள் படகில் ஒரே அறையில். பயப்பட வேண்டுமா?
– கடலூர்

ப: கட்டாயம். ஃபோம் பற்றினால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். தூங்குகிறவர் தீயைப் பார்க்கும் முன்பே புகை அவரை மயக்கிவிடும். அடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே தகரத் தடுப்பு வையுங்கள். சமையல் முடிந்ததும் சிலிண்டர் வாயை மூடுங்கள். அடுப்பைத் தாண்டாமலே வெளியேற இன்னொரு வழியும் வேண்டும்.

கே: கப்பல்காரர்கள் அந்தக் காலத்தில் தூளி கட்டித் தூங்கினார்களாமே. இப்போது ஏன் விட்டுவிட்டார்கள்? நாம் கட்டலாமா?
– காரைக்கால்

ப: 1492இல் கொலம்பஸ் பஹாமாத் தீவுகளில் இறங்கியபோது அங்கிருந்த தைனோ மக்கள் பருத்தி வலைத் தூளிகளில் தூங்குவதைப் பார்த்தார். கப்பல்காரர்கள் அந்த அறிவை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1597இல் ஆங்கிலக் கடற்படை தூளியை முறையாக ஏற்றது. அதற்கு முன் மாலுமிகள் ஈரப்பலகையில் கிடந்தார்கள்.

தூளியின் சிறப்பு, கப்பல் சாய்ந்தாலும் அது செங்குத்தாகவே தொங்கும். கப்பல்தான் அதைச் சுற்றி ஆடும். உருண்டு விழ வழியில்லை, அடியிலிருந்து ஈரம் ஏறாது, காலையில் சுருட்டி வைத்தால் இடமும் மிச்சம். சுருட்டிய தூளிகளைக் கப்பலின் விளிம்பில் அடுக்கி, சண்டையில் துப்பாக்கிக் குண்டுக்குத் தடுப்பாகவும் வைத்தார்கள். ஆனால் ஆளுக்குக் கிடைத்த அகலம் 14 அங்குலம். பாதிப் பேர் காவலில் இருக்கும்போது மீதிப் பேருக்கு இரட்டிப்பு இடம். அந்த நெரிசலை வளமான காலத்து மாலுமி ஏன் சகித்துக்கொள்ள வேண்டும்? நிலையான படுக்கைக்கு இடம் வந்ததும் தூளி போனது.

நீங்கள் தாராளமாகக் கட்டலாம், இரண்டு விதி. படகின் நீளவாக்கில் கட்டுங்கள், அப்போதுதான் பக்கவாட்டு ஆட்டத்துக்கு ஈடுகொடுக்கும். உள்ளே மூலைவிட்டமாகப் படுங்கள், முதுகு வளையாது. ஏற்கெனவே இடுப்பு வலி உள்ளவர்களுக்குத் தூளி வேண்டாம்.

கே: லண்டனில் இருக்கிறோம். பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கிச் சனி, ஞாயிறுகளில் அதில் தங்குகிறோம். மழை ஒழுகவில்லை, கடல்நீர் புகவில்லை. ஆனாலும் மெத்தையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்து, கருப்புப் பூஞ்சை. மூன்று மெத்தை மாற்றிவிட்டோம்.
– லண்டன்

ப: நான்காவது வாங்காதீர்கள், குற்றம் மெத்தையில் இல்லை. தண்ணீர் உங்களிடமிருந்தே வருகிறது. தூங்குகிறவர் மூச்சிலும் தோலிலும் இரவெல்லாம் நீராவி விடுகிறார். சூடான அந்த ஆவி ஃபோமுக்குள் இறங்கி, அடியில் குளிர்ந்த பலகையைத் தொட்டதும் தண்ணீராகிறது. பலகைக்குக் கீழே படகின் ஓடு, ஓட்டுக்கு வெளியே குளிர்காலத்து ஆற்று நீர். மெத்தை எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் இந்தக் கணக்கு மாறாது.

அடியில் காற்றுக்கு வழி விடுங்கள். முதலில் பலகையைப் பாருங்கள். முழுப்பலகையாக இருந்தால் ஓர் அங்குலத் துளைகளை வரிசையாகப் போடுங்கள், அல்லது அதை எடுத்துவிட்டு மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடியுங்கள். அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குக் காற்றோடும் அடுக்கு. உங்கள் ஊர்க் கடைகளில் இதற்கென்றே பின்னிய பிளாஸ்டிக் வலைப்பாய் கிடைக்கிறது. ஜெர்மானிய ஃப்ரோலி நிறுவனத்தின் பிளாஸ்டிக் வில் கட்டங்களும் இருக்கின்றன. அவை காற்றும் விடும், மெல்லிய மெத்தைக்கு மென்மையும் தரும். மெத்தையின் விளிம்பு படகுச் சுவரில் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். படுக்கும்போது கூரை ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள், குளிராக இருந்தாலும். எழுந்ததும் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிமிர்த்துங்கள். திங்கட்கிழமை படகைப் பூட்டிப்போகும்போது மெத்தை நின்றுகொண்டிருக்க வேண்டும், படுத்திருக்கக் கூடாது.

நம் கடலில் தண்ணீரே 28, 29 டிகிரி இருக்கும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் விசைப்படகில் ஐஸ் அறைக்கு நேர்மேலே படுப்பவர்களுக்கு இதுவே நடக்கும். அங்கே மெத்தை போட்டால் அடியில் கயிற்றுப்பாய் கட்டாயம்.

கே: அதே படகில் முன்பக்கப் படுக்கை தலைமாட்டில் அகலம், கால்மாட்டில் கூர்மை. எந்தக் கடை மெத்தையும் பொருந்தவில்லை.
– லண்டனிலிருந்தே, மனைவி

ப: செய்தித்தாள்களை ஒட்டிப் படுக்கையின் மேல் விரித்து, ஓரம் நெடுக மடித்து வெட்டுங்கள். படகின் சுவர் மேலே போகப்போக வெளிப்பக்கம் விரியும். அதனால் மெத்தையின் மேல்முகம் அடிமுகத்தைவிடப் பெரிது. அந்தச் சரிவையும் அளந்து குறித்தால்தான் விளிம்பு சரியாக உட்காரும். இரண்டு அளவையும் கொடுத்தால் ஃபோம் கடைக்காரர் சரிவாகவே அறுத்துத் தருவார். ஒரே துண்டாக வேண்டாம். வாசல் வழியாக உள்ளே போகாது. இரண்டு துண்டாகச் செய்து, நடுவே துணிக்கீல் வைத்துத் தையுங்கள். படுக்கைக்கு அடியில் கடல்நீர்க் குழாயின் அடைப்பு வால்வு இருந்தால், இருட்டிலும் ஒரே தூக்கில் கை எட்ட வேண்டும்.

கே: மெமரி ஃபோம்?
– கோயம்புத்தூர்

ப: குளிரில் இறுகும், வெக்கையில் குழையும், சூட்டைப் பிடித்து வைக்கும். நம் கடலில் நடுச்சாமத்தில் வேர்த்து எழுப்பும். அந்தப் பணத்துக்கு இயற்கை ரப்பர் லேடெக்ஸ் வாங்கலாம். கனமாக இருக்கும், ஆனால் பல வருடம் உழைக்கும்.

கே: ஆலப்புழையில் ஹவுஸ்போட்டில் இரண்டு இரவு தங்கப்போகிறோம். அம்மாவுக்கு முதுகு வலி. மெத்தை கொண்டுபோகவா?
– மதுரை

ப: தேவையில்லை. இரவில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள், ஆட்டமே இருக்காது. ரப்பர் பூசிய தென்னைநார் மெத்தை உள்ள அறையாகக் கேளுங்கள். கயிற்றுத் தொழிலின் ஊர் அது. அந்த நார் ஈரத்துக்கு அஞ்சாது, காற்றும் விடும், முதுகையும் தாங்கும். மெத்தையைவிட முக்கியமாக ஒன்றைப் பாருங்கள்: ஏசிக்காக இரவெல்லாம் ஓடும் ஜெனரேட்டரின் புகை எந்தப் பக்கம் போகிறது? அது அறை ஜன்னல் பக்கம் வந்தால் வேறு படகு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கே: மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்கிறான். நல்ல மெத்தை ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்ப ஆசை.
– தாய், தூத்துக்குடி

ப: வேண்டாம் அம்மா, அது கப்பல் நிறுவனத்தின் கடமை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் ஏற்றது. படுக்கையின் உள்ளளவு குறைந்தது 198 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலம். மெத்தை சொகுசாக இருக்க வேண்டும், பூச்சி அடையும் பொருளை உள்ளே திணிக்கக் கூடாது என்று வழிகாட்டும் பகுதியில் எழுதியிருக்கிறது. ஓய்வுக்கும் அளவு உண்டு: 24 மணியில் குறைந்தது 10 மணி, 7 நாளில் குறைந்தது 77 மணி. அந்தப் பத்து மணியை இரண்டுக்கு மேல் துண்டாக்கக் கூடாது, ஒரு துண்டு 6 மணிக்குக் குறையக் கூடாது. பையனுக்கு இரண்டு நல்ல பருத்தி விரிப்பும், காதடைப்பானும், பகலில் தூங்கக் கண்மறைப்பும் கொடுத்தனுப்புங்கள்.

இதை எழுதும்போது மனம் ஆறவில்லை. இந்த உடன்படிக்கை மீன்பிடிப் படகுகளைச் சேர்க்கவில்லை. அவற்றுக்கு 2007இல் தனி உடன்படிக்கை வந்தது. எண் 188, நடைமுறைக்கு வந்தது 2017இல். ஆளுக்குத் தனிப்படுக்கை, தகுந்த மெத்தை என்று அதுவும் சொல்கிறது. ஆனால் 198-க்கு 80 என்ற அளவு 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களுக்குத்தான். நம் விசைப்படகுகளில் பெரும்பாலானவை அதைவிடக் குட்டை. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர் ஒரு மாதத்துக்கு மேலும் கடலில் கிடக்கிறார். அவர் முதுகும் உங்கள் மகன் முதுகும் ஒரே அளவுதான். புதுப்படகுக்கு வரைபடம் போடும் நாளிலேயே, ஐஸ் அறைக்கு முன்னதாகப் படுக்கைக்குக் கோடு போடச் சொல்லுங்கள். கட்டி முடித்த பிறகு இடம் கிடைக்காது. மானியம் கொடுக்கும் துறையும் படுக்கையை நிபந்தனையாக வைக்கலாம்.

கே: தனியாக உலகைச் சுற்றும் மாலுமிகள் எப்படித் தூங்குகிறார்கள்?
– கல்லூரி மாணவி, சென்னை

ப: துண்டு துண்டாக. அடிவானத்தில் தெரியும் கப்பல் இருபது நிமிடத்தில் பக்கத்தில் வந்துவிடக்கூடும் என்பதால், அவ்வளவு நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொள்கிறவர்கள் பலர். இந்தியக் கடற்படையின் தாரிணி பாய்மரப் படகில் கடற்படை அதிகாரிகளான புதுச்சேரியின் ரூபாவும் கோழிக்கோட்டின் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். இரண்டே பேர் என்றால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனியாள்.

படுக்கை உயிரையும் காக்கும். 2018 செப்டம்பரில், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தின்போது, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசிய புயலில் இந்திய மாலுமி அபிலாஷ் டோமியின் துரியா படகில் பாய்மரம் முறிந்தது, அவருக்கு முதுகில் பலத்த அடி. எழ முடியாமல் படுக்கையில் கிடந்தபடியே செயற்கைக்கோள் கருவியில் செய்தி அனுப்பினார். மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒசிரிஸ் வந்து மீட்டது. 2023இல் அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். எந்தப் படகானாலும் படுத்தவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில், டார்ச், தகவல் கருவி மூன்றும் கட்டி வைத்திருக்க வேண்டும்.

கே: படகில் எந்த இடத்தில் படுத்தால் ஆட்டம் குறைவு?
– வேதாரண்யம்

ப: நீளத்தில் நடு, உயரத்தில் தாழ்வு. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் படுத்தால் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடும்.

கே: பழைய மெத்தையை எப்போது கழிப்பது?
– பாம்பன்

ப: கை முட்டியால் அழுத்தி எடுங்கள். பள்ளம் உடனே எழும்பாவிட்டால் கழித்துவிடலாம். மீன்பிடித் தடைக்காலம் இதற்கு ஏற்ற நேரம். உங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வலை பின்னும்போதே மெத்தையும் தைத்துவிடுங்கள்.

கே: என் வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்தால் கட்டிலில் படுக்கமாட்டேன் என்கிறார். கட்டில் ஆடுகிறதாம். பயமாக இருக்கிறது.
– குளச்சல்

ப: பயப்படாதீர்கள், கட்டிலும் நன்றாக இருக்கிறது, அவரும் நன்றாக இருக்கிறார். பல நாள் ஆட்டத்துக்குப் பழகி, அதற்கு எதிராக உடம்பைச் சமன் செய்துகொண்டிருந்த மூளை, தரைக்கு வந்த பிறகும் அந்த வேலையைத் தொடர்கிறது. பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகும். அதுவரை தரையில் பாய் விரித்துக் கொடுங்கள், அறையில் சின்ன விளக்கு எரியட்டும். கண்ணுக்கு அசையாத சுவர் தெரிந்தால் ஆட்டம் அடங்கும். பைக் ஓட்ட மட்டும் விடாதீர்கள். ஒரு மாதமாகியும் நிற்கவில்லை என்றால், அல்லது தலைசுற்றலோடு காதில் இரைச்சலும் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட்டு அடுத்த தங்கலுக்கு அனுப்புங்கள்.